தட்டிப் பார்த்தல்

முப்பத்தோரு வருடம் பாலங்களுக்கடியில் தொங்கினேன்.
இடுப்பில் கயிறு, கையில் சிறு சுத்தியல்,
கீழே மிராமிஷி ஆறு தன்பாட்டுக்குப் போகும்.
ஒரு பாலமும் என்னைக் கூப்பிட்டு
வலிக்கிறது ரொலாந்த் என்று சொன்னதில்லை.
சொல்லிவிட்ட பாலத்துக்குப் போவது என் வேலையுமல்ல.
அதற்கு வேறு ஆட்கள், வேறு வண்டிகள்,
சைரன்.

இப்போது எழுபத்திரண்டு.
மார்ச்சில் எங்கள் டாக்டர் ஓய்வு பெற்றார்.
கடிதம் வந்தது,
'அன்புள்ள நோயாளிக்கு' என்று ஆரம்பித்து.
இருபது வருடத்தில் நான் நோயாளியாக இருந்தது
மொத்தம் பத்து நாள் தேறும்.
வேறு டாக்டருக்குப் பெயர் பதியச் சொன்னார்கள். பதிந்தேன்.
வரிசைக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

தொலைபேசியில் ஒரு பெண்:
என்ன தொந்தரவு?
ஒன்றுமில்லை.
மூச்சு?
வாங்குகிறேன், விடுகிறேன்.
பிறகு எதற்கு, மதாம்?
ஒன்றுமில்லை என்று யாராவது பார்த்துச் சொல்லத்தான்.
தட்டச்சு ஓசை நின்றது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை என்றாள்.
அவள்மேல் எனக்குக் கோபமில்லை.
இந்த ஊரில் எல்லாரும் அவரவர் வாசல் பனியைத்தான்
தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

முன்பதிவில்லாத கிளினிக்கின் சுவரில் ஒரு தாள்:
'ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும்.'
என்னிடம் அந்த ஒன்றும் இல்லை.
பக்கத்து நாற்காலியில் படகுக்காரப் பையன்,
துணி சுற்றிய கட்டைவிரலை
அடுத்தவர் பொருள்போல் ஏந்தியிருந்தான்.
அவன் முன்னால் என் ஆரோக்கியம்
திருட்டுச் சாமான்போல் மடியில் கனத்தது.
எழுந்து வந்துவிட்டேன்.

அன்றிரவு கண்ணாடி முன் ஒரு பொய்யை ஒத்திகை பார்த்தேன்.
இதோ, இடது விலாவுக்குக் கீழே, நடந்தால் குத்துகிறது.
முகம் சுளிக்க வரவில்லை.
இல்லாத விரிசலை நான் எழுதியதேயில்லை,
வேலையை நீட்டிக்க மற்றவர்கள் எழுதிய நாட்களிலும்.
விளக்கை அணைத்தேன்.

மருந்துக்கடையில் கையை நுழைக்கும் இயந்திரம்
ஒரு துண்டுச்சீட்டைத் துப்பியது: நூற்றிருபத்தெட்டுக்கு எழுபத்தாறு.
குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை,
அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

சீட்டைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டு ஸெலி
போகிறபோக்கில் சொன்னாள்:
வியாழக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில்
ஒரு நர்ஸ் உட்காருகிறாள்.
வலி இருக்கிறதா என்று கேட்பதில்லை, வயதைத்தான் கேட்கிறாள்.

மிரெய் பாஸ்க். சளி பிடித்த குரல்.
அம்மா எதில் போனார்?
இடுப்பெலும்பு முறிந்து, பிறகு மற்றதெல்லாம்.
அக்கி தடுப்பூசி? போடவில்லை.
குடல் சோதனை? எப்போதோ.
கையூன்றாமல் எழுங்கள். எழுந்தேன்.
ஒற்றைக்காலில் நில்லுங்கள். ஆடினேன்.
கடைசியாக விழுந்தது எப்போது?

விழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிப்ரவரி. பின்வாசல் படி.
புதுப்பனிக்கடியில் பழைய பனிக்கட்டி.
வானத்தைப் பார்த்தபடி வெகுநேரம் கிடந்தேன்,
ஒரு காகம் இரண்டு முறை கடந்துபோனது.
எழுந்து, தட்டிவிட்டு, காப்பி போட்டேன்.
என் தங்கைக்குக்கூடத் தெரியாது.
அதை ஒரு விழுகையாக நானே
கணக்கில் வைத்திருக்கவில்லை.

மிரெய் நிமிரவில்லை, எழுதிக்கொண்டாள்.
பிறகு பின்னால் வந்து, முதுகில் விரல் பதித்து,
இன்னொரு விரலால் தட்டினாள்.
நல்ல இரும்பு மணிபோல் பேசும்,
உள்ளே அரித்தது மரக்கட்டைபோல் முனகும்.
என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டேன்.
மூச்சு விடுங்கள், மதாம், என்றாள்.

எலும்பு ஸ்கேனுக்கு நவம்பரில் ஒரு தேதி,
இடது கையில் ஊசி வலி,
படிக்குக் கைப்பிடி போடச் சொல்லி ஒரு தாள்.
அவள் கையெழுத்து மகா மோசம்.

திரும்பும் வழியில் இரும்புக்கடையில் நிறுத்தினேன்.
கைப்பிடிக்கு நாலு போல்ட் போதும்.
ஐந்தாவதாக ஒன்றையும் எடுத்துக்கொண்டேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.