மாற்றுச்சாவி

அறுநூற்று நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
நான்கு வருடமாக அது என் எண்.
இன்று அதை உடைக்க வந்தவளுக்குப்
பின்னாலிருந்து வெளிச்சம் பிடிக்கிறேன்.

கடலூர் ஓ.டி.யிலிருந்து ஆலப்பாக்கம்,
ஆலப்பாக்கத்திலிருந்து ஓ.டி.
காலை ஆறு தொட்டு மறுகாலை ஆறு வரை
தில்லைக்கரசி மிதிக்க வேண்டும்,
நான் பதினைந்து மீட்டர் தள்ளியே வர வேண்டும்.
கிட்டே போனால் காற்றைத் தள்ளிக் கொடுத்ததாக எழுதுவார்கள்,
எட்டிப் போனால் குழிகள் இருட்டிவிடும்.

பின்சீட்டில் ஜமாலுதீன்,
மடியில் லேப்டாப், வாயில் கடலைமிட்டாய்.
அவள் தொடையின் வலுவை வாட்டில் படிக்கிறான்:
"நூத்து நாப்பத்தாறு… நூத்து நாப்பத்தொம்பது…
அக்கா, பாலத்துல ஏறுறா, எகிறுது."
ஒரு சின்ன ஹாரன் கொடுப்பேன்.
அவளுக்கும் எனக்கும் அதற்கு ஒரே அர்த்தம்: குறை.

கிருபாவதி நைட் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்த நர்ஸ்.
உப்பு, சர்க்கரை, எலுமிச்சை எல்லாம் கிராம் கணக்கு.
மணிக்கொரு புட்டியைக் கூடவே ஓடி நீட்டுவாள்;
காலிப் புட்டி அவள் காலடியில் விழும்,
அதையும் நிறுத்துப் பார்ப்பாள்.
எத்திராஜ் செயினை மெழுகில் காய்ச்சிய கதையை
மூன்று முறை சொல்லிவிட்டான்.
சத்தமே வராதாம். வரவில்லைதான்.

காற்றுக்கென்று ஒரு ஆப் வைத்திருந்தோம்.
மேற்கு என்றது அது.
துறைமுகத்திலிருந்து இருசப்பன் போன் போட்டான்:
"சோழகம் எறங்கிட்டுது. ரெண்டு மணிக்கு மேல கொண்டல் கலக்கும்.
தெக்கால போறப்ப மிதிக்கச் சொல்லு,
வடக்கால வர்றப்ப காத்து பாத்துக்கும்."
ஜமாலுதீன் அட்டவணையை அழித்து எழுதினான்.
சிப்காட்டைத் தாண்டும்போது என் மூக்கும் அதையே சொன்னது.
இந்த ஊரில் நாற்றத்துக்குத் திசை உண்டு.

மூன்று பத்துக்கு எண்கள் நின்றன.

பெடல் தண்டில் ஒட்டிய மீட்டருக்குள்
பேட்டரி செத்துப்போனது, ஒரு ரூபாய்க் காசு அளவு.
மாற்றுக்கு வைத்திருந்த மூன்றும்
கசிந்த எலுமிச்சைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன.
அந்நேரம் எந்தக் கடை திறந்திருக்கும்?

எண் இல்லாமல், பயத்தில், வேகமாக
மிதித்துக்கொண்டிருந்தாள்.
அப்படி மிதித்தால் ஐந்து மணிக்குக் கால் பூட்டிக்கொள்ளும்.
எனக்குத் தெரியும்.
என் கால் பூட்டிக்கொண்ட இடத்தைத்தான்
நான்கு வருடமாகச் சாதனை என்று சொல்லிவந்தார்கள்.

என் கைப்பையில் எங்கள் வீட்டுக் காரின் மாற்றுச்சாவி,
அதன் வயிற்றில் அதே பேட்டரி.
மூன்று பதினொன்றுக்கே ஞாபகம் வந்தது.

மூன்று முப்பத்தைந்துக்குச் சொன்னேன்.

அந்த இருபத்து நான்கு நிமிடத்தை
எந்தக் கருவியும் பதியவில்லை.

ஆலப்பாக்கம் திருப்பத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.
கிருபாவதி கழுத்தில் ஈரத்துணி போட்டாள்.
எத்திராஜ் ஊக்கால் சாவியைப் பிளந்து,
அதன் உயிரை எடுத்து இங்கே மாட்டினான்.
முப்பத்தெட்டு நொடி.
"யாரு சாவி?" என்றாள் மூச்சு வாங்க.
யாரும் பதில் சொல்வதற்குள் கிளம்பிவிட்டாள்.

நூற்று எழுபத்திரண்டு.
ஒரு ஹாரன். நூற்று அறுபது.
இன்னொன்று. நூற்று நாற்பத்தெட்டு.
"போதுங்க்கா" என்றான் ஜமாலுதீன்,
அழுகிறவன் போல.

காரைக்காட்டில், மூடிய பரோட்டாக் கடை ஷட்டருக்கு எதிரே,
ஐந்து நாற்பத்தெட்டுக்கு
அவள் பின்சக்கரம் என் எண்ணைத் தாண்டியது.
பதினைந்து மீட்டர் கழித்து
நானும் தாண்டினேன்.

வண்டிக்குள் ஒரே கூச்சல்.
என் கை தானாக ஹாரனுக்குப் போனது.
எடுத்துக்கொண்டேன்.
அடித்தால் குறைத்துவிடுவாள்.
இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது.