மூன்று நிமிடம்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில்தான் கூட்டம்.
பெயர் எழுதுவதும் நேரம் பிடிப்பதும் என் வேலை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கண் வைத்த
சின்னப் பெட்டி ஒன்று
டில்மன் ஊராட்சிக்குச் சொந்தம்.
அன்று ராத்திரி தொட்டால் சுட்டது.

ஆயிரத்து நானூறு ஏக்கர்.
முப்பத்தைந்து வருடம்.
வெயிலுக்குக் குத்தகை.
(கம்பெனிக்காரர் ‘திட்டப் பரப்பு’ என்றுதான் சொன்னார்.
நானாக எழுதி, நானாக அடித்தேன்.)

ஆர்லிஸ் ஸ்டுக்கி:
ஜன்னலைத் திறந்தால் எனக்குச் சோளம் தெரியவேண்டும்.
பின்வரிசையில் ஒரு குரல்:
அந்தச் சோளத்துக்கு விதைக்கடன் நீயா கட்டுகிறாய்?
சிவப்பு.

நிலம் கொடுத்த மெர்வின் டோப்லர்
இரண்டரை நிமிடம்
தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.
பிறகு,
நான் மாடுகளை விற்ற அன்றைக்கு
இங்கே யாரும் கூட்டம் போடவில்லை
என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.
சிவப்பு விழ இன்னும் நேரம் இருந்தது.
யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை.

ஐந்து பேரில் மூன்று கை உயர்ந்தது.
மறு ஞாயிறு தேவாலயத்தில்
இடப்பக்க பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன,
வலப்பக்கம் கோட்டுகளை வைக்க இடம் இருந்தது.
நான் வாசல் பக்கம் நின்றே பாடினேன்.
ஆர்லிஸின் புல்வெளியில்
‘வேண்டாம்’ என்று ஒரு பலகை முளைத்தது.

ஏப்ரலில் இரும்புக் கால்கள் இறங்கின,
நாளொன்றுக்கு அறுநூறு.
ஒவ்வொரு அடிக்கும்
என் காபியில் ஒரு வட்டம்.

இந்த ஒஹாயோ மூலை ஒரு காலத்தில் சேறு.
சுட்ட களிமண் குழாய்களை முழ ஆழத்துக்கும் கீழே புதைத்துத்தான்
இதை நிலம் ஆக்கினார்கள்.
எங்கே புதைத்தார்கள் என்பதற்கு
அலுவலகத்தில் ஒரே ஒரு வரைபடம்.
அதில் ஒரே ஒரு பழுப்புக் கோடு.
அதுவும் கறையாக இருக்கலாம்.

மே மாதம் நான்கு நாள் விடாத மழை.
மேட்டில் இருக்கும் ஆர்லிஸின் வயலில்
கணுக்காலுக்குத் தண்ணீர்.
அவள் மழை, மெர்வின் நிலத்துக்கு அடியில் போய்த்தான்
இத்தனை வருடமும் ஓடையில் விழுந்திருக்கிறது.
எந்தக் காலோ குழாயில் ஏறி நின்றுவிட்டது.
வேலியிலிருந்து முந்நூறு அடி தள்ளி என்று
தீர்மானம் போட்டிருந்தோம்.
தண்ணீர் கூட்டத்துக்கு வரவில்லை.

கம்பெனியின் இலவச எண்ணில்
இசை கேட்டுச் சலித்து
மெர்வினுக்குப் போட்டாள், பதினான்கு மாதம் கழித்து.
என்ன பேசினார்கள் என்று தெரியாது.
நான் போய்ச் சேர்ந்தபோது
கண்ணாடிப் பலகை வரிசைகளுக்கு நடுவே
ஆளுக்கொரு இரும்புக் கம்பியோடு
மண்ணைக் குத்திக் குத்தி நடந்துகொண்டிருந்தார்கள்.
கம்பெனி அனுப்பிய பொறியாளர் டெஸா வுகோவிச்
ஆரஞ்சு வண்ணப் புட்டியோடு பின்னால்.
அவள் கருவியில் இந்த நிலம் முழுக்க ஒரே பச்சை.

மூன்று மணி நேரம்.
ஆர்லிஸின் கம்பிதான் முதலில் ‘டக்’ என்றது.
தோண்டினால்
ஓட்டுத்துண்டு, சேறு, நடுவில் ஒரு இரும்புக் கால்,
அதைச் சுற்றிக்கொண்டு கொப்பளிக்கிற தண்ணீர்.

உன் கம்பம், என்றாள்.
உன் தண்ணீர், என்றார்.
டெஸா இரண்டையும் சுற்றி
ஒரு ஆரஞ்சு வட்டம் போட்டாள்.

யாரும் சிரித்ததாக எழுதமாட்டேன்.
மெர்வின் தன் டிரக்கிலிருந்து
ஈரமில்லாத ஒரு ஜோடிக் கையுறை எடுத்து
அவள் பக்கம் நீட்டினார்.
அளவு பெரிது. போட்டுக்கொண்டாள்.

பலகை இன்னும் அவள் வாசலில்தான் நிற்கிறது,
மழையில் கொஞ்சம் சாய்ந்து.
குழாய்ப் பழுதுச் செலவு யாருடையது என்பது
வரும் கூட்டத்தின் நான்காவது பொருள்.
இதுவரை இருபத்தாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

பெட்டிக்குப் புது பேட்டரி வாங்கவேண்டும்.