தோள்

இரவு பதினொன்று நாற்பதுக்குக் கருவி வரைந்து முடித்தது.
ஒரு முகடு. அதன் வலப்பக்கச் சரிவில்
லேசாக ஒரு புடைப்பு.
தோள் என்போம் இதை.
ரேஷன் வரிசையில் உயரமானவருக்குப் பின்னால் நிற்பவர்
தோள் மட்டும் காட்டுவதுபோல.
தெரிவது தோள். நிற்பது ஆள்.

தண்ணீர் முதுநகர் அஞ்சலாட்சியுடையது.
முதலில் மாம்பழ ஜூஸ் பாட்டிலில் கொண்டுவந்தார்.
"கழுவிட்டுத்தான் புடிச்சேன்."
கொட்டிவிட்டு எங்கள் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்தனுப்பினேன்.
மறுநாள் ஏழரைக்கே வாசலில் இருந்தார்.

ஒற்றை முகட்டைப் பொருத்திப் பார்த்தேன்.
மிச்சங்கள் அலை அலையாக எழுந்தன.
அப்படி எழக் கூடாது.
நல்ல பொருத்தத்தின் மிச்சம்
விடிகாலைத் தேவனாம்பட்டினத்து மணல்.
யாரும் நடந்த தடம் இருக்காது.

இரண்டு முகடுகள் வைத்தேன்.
உயரம், இடம், அகலம், ஆளுக்கு மூன்று.
அடிக்கோட்டுக்கு இன்னும் இரண்டு.
எட்டுத் திருகாணிகள்,
ஒன்றை முடுக்கினால் இன்னொன்று தளர்கிறது.
முன்னால் நிற்பவரைக் கொஞ்சம் அகலமாக்கினால்
பின்னால் நிற்பவர் இளைத்துவிடுகிறார்.
இருவரையும் முழுசாகப் பிரித்து நிறுத்த
என்னிடம் உள்ள புள்ளிகள் போதாது.

பின்னவர்: 4.7
முன்னப்பின்ன 0.6
வரம்பு ஐந்து.

"பிளஸ் மைனஸை எடுத்துடும்மா" என்றார் தனகோபால் சார்.
"படிவத்துல ஒரு கட்டம்தான இருக்கு.
அஞ்சுக்குக் கீழ. பாஸ்."
பொய் சொல்லச் சொல்லவில்லை அவர்.
கட்டம் சின்னது என்றுதான் சொன்னார்.
பேனாவால் எழுதினேன், கட்டத்துக்கு வெளியே.

அஞ்சலாட்சி அதன்மேல் விரல் வைத்தார்.
"இது என்ன, சிலுவை போட்டுக் கீழ ஒரு கோடு?"
எனக்குத் தெரியாததோட அளவுக்கா, என்றேன்.
சொன்ன பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது.
முன்னப்பின்ன இருக்கும்னு அர்த்தம்.
"பாண்டி பஸ் மாதிரியா?"
பாண்டி பஸ் மாதிரிதான்.
"பஸ்ஸுன்னா நிக்கலாம்.
இதைக் குடிக்கலாமா?"

பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு அளக்க வேண்டும்.
இன்னும் மூன்று குப்பி கேட்டேன்.
அதே போர், அதே அடிபம்பு.
ஸ்கூட்டரின் முன்பக்கம் துணிப்பையில்
ஒன்றோடொன்று இடிக்காமல் துண்டு சுற்றிக் கொண்டுவந்தார்.
5.1
4.6
5.2
நாலுக்கும் சராசரி 4.9
முன்னப்பின்ன 0.3

பிழை பாதியாகிவிட்டது. கணக்கு சொன்னபடியே.
ஐந்து இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது,
போன தடவையைவிட நடுவாக.

அடுத்த பாதிக்குப் பன்னிரண்டு குப்பி என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.
பத்து நாளாகக் கேன் தண்ணீர்தானாம்.
கேன் முப்பத்தைந்து ரூபாய்.
அதில் முன்னப்பின்ன கிடையாது.