தொண்ணூற்றொரு சதவீதம்

தொடையின் பின்னாலிருந்து ஒரு தசைநாணை உருவி
முட்டிக்குள் கட்டியிருக்கிறார்கள்.
கடன் கொடுத்த இடமும் வலிக்கிறது,
வாங்கிய இடமும் வலிக்கிறது.

தூருன், ஹாமர்ஃபெஸ்ட் துறையில்
படகுக்குக் கயிறு வீசுகிறவள்.
"இறுக்கு" என்கிறாள் தொடையிடம்.
அது காதில் விழாத மாதிரி கிடக்கிறது.
நூறு டன் படகை
ஒற்றை முளையில் சுற்றி நிறுத்தியவளுக்குச்
சொந்தச் சதை ஒரு விரற்கடை அசையப்
பதினோரு நாள்.

குதிகாலுக்கடியில் மீன்கடை ப்ளாஸ்டிக் பை.
மரத்தரையில் சறுக்கி மடக்குகிறாள்.
எழுபது பாகை. எழுபத்திரண்டு.
மறுநாள் அறுபத்தெட்டு.
ஜன்னலுக்குச் சூரியன் வருகிற மாதமில்லை;
மதியம் கொஞ்ச நேரம் நீலம், அவ்வளவுதான்.

படி ஏறுவது பிப்ரவரியில் வந்தது.
இறங்குவது ஏப்ரலில்.
நடுவே இரண்டு மாதம்
ஏறியவள் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்,
கீழ்வீட்டு ஆஸ்லாக்
காப்பிக் கோப்பையோடு நின்று வழிவிட.

ஆகஸ்டில் சோதனை. ஒற்றைக்காலில் தாவல்.
"நல்ல காலோடு ஒப்பிட்டால்
தொண்ணூற்றொரு சதவீதம்" என்றான் ஐவின்ட்,
அளவு நாடாவைச் சுருட்டியபடி.
இரண்டு தொடைகளையும் பிடித்துப் பார்த்தாள்.
"நல்ல காலும் இளைத்திருக்கிறதே."
ஒன்பது மாதம்
கூடவே பட்டினி கிடந்திருக்கிறது, சொல்லாமல்.
ஐவின்ட் தாளைத் திருப்பி
வேறெதையோ தேடினான்.

வெளியே மழை. பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.
ஓடினாள் என்று சொல்ல முடியாது.
நடந்தாள் என்றும்.
ஓட்டுநர்
கதவை மூடாமல் வைத்திருந்தார்.