பூசைக் கருத்துக் கொப்பி

முப்பத்தோராம் நாளுக்குப் பூசை கட்ட
மூப்பர் வீட்டுக்குப் போனேன்.
கொப்பியில் நடுக்கோடு.
இடப்பக்கம் ஆன்ம இளைப்பாற்றி,
வலப்பக்கம் சுகநலம்.

"மதலேனம்மா. வயசு?"
தொண்ணூற்று மூன்று.
கோவில் பதிவில் தொண்ணூற்றொன்று.
ஞானத்தாய் ஆரென்ற சண்டையில்
இரண்டு வருசம் பிந்தித்தான்
தலையில் தண்ணீர் ஊற்றினார்களாம்.

பாசையூர்க் கரையில் இறால் தரம்பிரித்த விரல்கள்.
செபமாலையையும் அப்படித்தான் உருட்டுவா,
ஒன்றும் தப்பாமல், ஒன்றையும் கொஞ்சாமல்.
நடுவில் "அடுப்பைப் பார்" என்பா,
பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவா.

ஏழு பெற்றா.
கேட்பவர்களுக்கு ஒரே கணக்கு:
"ரெண்டு அங்க, அஞ்சு இங்க."

அந்தோனியாரோடு அவவுக்கு வழக்கு இருந்தது.
தொலைந்த திறப்பு, ஒற்றைத் தோடு,
ஒருமுறை ஐயாவின் பல்செட்டு,
எல்லாம் எடுத்துக் கொடுத்த மனிசன்
குலாஸை மட்டும் கொடுக்கவில்லை.
தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில்
பாண் வாங்கச் சைக்கிளில் போனவன்.

ஒவ்வொரு ஆவணியும்
சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவா.
புரட்டாதி பிறக்க, முகத்தைத் துடைத்து,
"சரி, இனித் தேடும்."

இடம்பெயர்ந்த இரவு,
நாவற்குழிப் பாலத்து நெரிசலில்
காணி உறுதி எங்கே என்று கத்தினேன்.
அவவின் பையில்
அரைக் கொத்து அரிசி, அந்தோனியார்,
குலாஸின் நீலச் சேட்டு.

அந்தச் சேட்டின் தையலைப்
பல வருசம் கழித்து ஒரு மத்தியானம் பிரித்து
இரண்டு பக்கமும் அகட்டினா.
"இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருப்பான்."

கார்த்திகை இரண்டில்
சேமக்காலை முழுக்க மெழுகுதிரி.
ஐயாவுக்கு ஒன்று,
பிள்ளைகள் இரண்டுக்கும் ஒவ்வொன்று,
ஆரும் வராத ஒரு கல்லறைக்கு ஒன்று.
ஐந்தாவதைப் பெட்டியில் இருந்து
எடுக்கவே விடமாட்டா.

மூப்பர் பேனையோடு காத்திருந்தார்.
இடப்பக்கத்தில் அம்மாவின் பெயர்
காய்ந்துவிட்டது.
"தம்பியாரையும் இதிலயே சேர்த்துப் போடட்டோ?
இனி ஆர் கோவிக்கப் போகினம்?"

நல்ல மனிசன். முப்பது வருசமாய்
மாதாமாதம் அவவிடம் பேச்சு வாங்கியவர்.

போன இடத்தில் அம்மா
அவனைக் கண்டிருக்கலாம்.
காணாமல்
அங்கும் ஆரையாவது பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கலாம்.
எனக்குத் தெரிய வழியில்லை.

காசை எண்ணிக் கொடுத்தேன், இரண்டு பூசைக்கு.
"குலாஸை வலப்பக்கம் போடுங்கோ."

வெளியே வந்து செருப்பைப் போடும்போது நினைவு வந்தது.
அம்மா செத்தது ஆவணி பதினேழு.
புரட்டாதி பிறந்து பத்து நாள்.
வீட்டில் அவர் இன்னும்
சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்.

போய்த் திருப்ப வேணும்.