நான்கு மைக்ரான்

பதிவேட்டில் என் கையெழுத்திலேயே என் பெயர்:
அம்சவேணி, பெண், 38.
தோல், இடது தாடை ஓரம், மூன்று மில்லிமீட்டர்.
நோய் விவரம் என்ற கட்டத்தில்
'வெளுப்பு. பதினோரு வருடத்துக்கு முன் லேசர்' என்று எழுதி
பேனாவை மூடினேன்.

நேற்று ஃபார்மலினில் போட்டதும் நான்தான்.
பெருங்காய டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும்
கடைசித் துணுக்கு அளவு.
இத்தனை நாள் துப்பட்டாவால் மூடியது இதைத்தான்.

இன்று அது மெழுகுக் கட்டிக்குள் இருக்கிறது.
கைப்பிடியைச் சுற்றினால்
நான்கு மைக்ரான் கனத்தில் ரிப்பன் ரிப்பனாக வந்து
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும்.
பதினைந்து வருடமாக ஊரார் உடம்பை இப்படித்தான் மிதக்கவிடுகிறேன்:
ஆத்தூர்க்காரரின் குடல்வால்,
மேச்சேரி அம்மாவின் மார்புக் கட்டி,
ஏற்காட்டில் காபி பறிக்கும் ஒருத்தியின் காலில் ஆறாத புண்.
யாருக்கும் கை நடுங்கியதில்லை.
இன்றும் நடுங்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.
ஒரு மடிப்பு விழுந்தது, அவ்வளவுதான்.
தூரிகை நுனியால் நீவிவிட்டேன்.

அஞ்சு ரோட்டில் இரண்டாவது மாடி.
கீழே பேக்கரி.
படியேறும்வரை தேங்காய் பன் வாசம்,
பிறகு கருகிய முடி வாசம்,
பிறகு அது முடி இல்லை என்று புரிந்த வாசம்.
குழியெல்லாம் மட்டமாகும் என்றார்கள். ஆனது.
ஏழு நாள் நீர் வடிந்தது.
மூன்று மாதம் மிளகாய் அரைத்துப் பூசியது போல் சிவப்பு.
அப்புறம் ஒரு வருடம்
இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.
பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் வருடச் சித்திரையில்
கழுத்து சேலத்து வெயிலை வாங்கிக்கொண்டது,
கன்னம் வாங்கவில்லை.
தாடையோரம் ஒரு கோடு, வரப்பு மாதிரி.
மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.
ஜவ்வரிசி ஆலைக் களத்தில் வேலை பார்க்கும் நாத்தனார்
"என்ன க்ரீம்னு சொல்லுங்க அண்ணி" என்கிறாள் இன்னமும்.
வெள்ளையைக் கண்டால் ஆசைப்படுகிறவர்கள்
மாமாங்கம் தாண்டி
வெள்ளைக்கல் வெட்டியெடுத்த மேட்டை
உற்றுப் பார்த்ததில்லை.
முப்பது மழைக்குப் பிறகும் அங்கே
புல் யோசித்து யோசித்துத்தான் வருகிறது.

சாயம் ஏற்றினேன்,
நிறமிச் செல்லுக்கென்று தனியாக ஒன்றும்.
பெயர் ஒட்டிய பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்து
டாக்டர் ரூபவதியிடம் நீட்டினேன்.
லென்ஸை மாற்றிக்கொண்டே பேசுவது அவர் பழக்கம்.
"மேல்தோல் மெலிசு. அடியில புது கொலாஜன், நெறைய.
ஆனா பாரு, எல்லா இழையும் ஒரே பக்கமா படுத்திருக்கு,
பாவு ஓட்டின மாதிரி. தோல் இப்படி இருக்காது.
பழைய வெயில் கறை அதுக்குக் கீழ, அப்படியே."
சற்று நேரம் சும்மா இருந்தார்.
"நிறம் செய்யற செல் இருக்கு. எண்ணிக்கை குறையல.
செய்யவும் செய்யுது.
பக்கத்து செல்லுக்குக் கொடுக்க மாட்டேங்குது.
யாரோடது இது?"

கட்டைவிரலை எடுத்தேன்.

அவர் நிமிர்ந்து என் தாடையைப் பார்க்கவில்லை.
மறுபடி லென்ஸுக்கே குனிந்தார், அதற்கு நன்றி.
"வெண்குஷ்டம் இல்ல" என்றார்.

பிறகு நான் பார்த்தேன்.
ரோஜா நிறப் பரப்பு. அதன் அடிவிளிம்பில்
பழுப்பாய், இடைவெளி விட்டு, அவர்கள்.
பதினோரு வருடமாக
கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள்.
கோபமா, மறதியா, கொடுக்கும் வழி தூர்ந்துவிட்டதா,
அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.
மேற்கு வெயில் இடது பக்கம் அடித்தது.
கழுத்து வாங்கியது.
ஸ்லைடை
1146க்கும் 1148க்கும் நடுவே அடுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.
அந்த மடிப்புதான் உறுத்துகிறது.
கட்டியில் இன்னும் மிச்சம் இருக்கிறது,
நாளைக்கு இன்னொரு வெட்டு
சுத்தமாக எடுக்க வேண்டும்.