தேறுமா

வீட்டைப் பிரித்தாயிற்று. நாயை அவள் எடுத்துக்கொண்டாள்,
டிராக்டரை அவன்.
மேற்குச் சரிவில் இருபதாம் வரிசைக்கும்
இருபத்தொன்றுக்கும் நடுவே
புதிதாக ஒரு கம்பி ஓடுகிறது.
மிச்சம் ஒரு பீப்பாய்.
செஸ்ட்நட் பலகை, இரும்பு வளையம் எட்டு,
உள்ளே ஆயிரத்து எண்ணூறு லிட்டர் அல்யானிகோ.
அதற்கு விலை போடத்தான்
அவெல்லினோ நீதிமன்றம் என்னை மலைக்கு அனுப்பியது.

நவம்பர் பனியில் பறித்த பழம்.
ஈஸ்ட் வாங்கிப் போடவில்லை.
தோல்மேல் சாம்பல் பூத்திருந்ததே,
அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள்.
கந்தகம் கிடையாது. சூடேற்றவும் இல்லை.
ஜனவரியில் நொதிப்பு நின்றுபோனது.
அவர்கள் பேச்சும் அதே வாரம் நின்றதாக
வழக்குத் தாளில் இருக்கிறது.
மே வெயில் ஏறியதும்
மது மட்டும் மறுபடி முணுமுணுத்தது.

"பாதியை இறைத்துக் கொடுத்துவிடலாமே?"
நான்தான் கேட்டேன், விவரம் கெட்டவன்போல.
எர்சிலியா என் காலணியைப் பார்த்தாள்.
"பாதிப் பீப்பாய் என்றால் மறுபாதி காற்று.
காற்றில் யார் பங்கு கேட்டது?
ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கும் காடி கிடைக்கும்."

மரம் குடிக்கும். சொல்லாமல் கொள்ளாமல் குடிக்கும்.
பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஏணி போட்டு ஏறி
அடைப்பைத் திறந்து
குறைந்ததை அதே மதுவால் விளிம்புவரை நிரப்ப வேண்டும்.
ஒருமுறை அவள். மறுமுறை அவன்.
சந்திக்காமல்.
பீப்பாய்க் காலில் சணல் கயிற்றில் ஒரு நோட்டு.
படித்தேன். மதிப்பீட்டாளனுக்கு அந்த உரிமை உண்டு.

மார்ச் 3. முக்கால் லிட்டர்.
மார்ச் 18. முக்கால்.
ஏப்ரல் 2. அரை. ஏணியில் மூன்றாம் படி ஆடுகிறது.
ஏப்ரல் 17. அரை. ஆணி அடித்தேன்.
ஜூலை 1. ஒன்றேகால். வெயில்.
ஜூலை 16. ஒன்றரை. ஆவியானதா, நீ குடித்ததா?
ஜூலை 31. குடித்தேன். ஒரு மிடறு. இன்னும் கோபம் தீரவில்லை.

மதுவைப் பற்றித்தானா அது என்று
நோட்டில் குறிப்பில்லை.

அடுத்த ஆண்டு
மேலூற்ற வைத்திருந்த ஜாடி காலியானது.
வேறு மது வாங்கி ஊற்ற இருவரும் மறுத்தார்கள்
(இரண்டு வழக்கறிஞர்களும் ஒத்துப்போன ஒரே பக்கம் அது).
நுன்சியான்தே கலோரே ஆற்றில் இறங்கிக் கல் பொறுக்கினான்.
ஒவ்வொன்றிலும் காடி சொட்டிப் பார்த்தான்.
நுரைத்தால் சுண்ணாம்பு, தூரப் போ.
நுரைக்காததைக் கொதிநீரில் போட்டெடுத்து
ஒவ்வொன்றாக உள்ளே விட்டான்.
குறைந்த இடத்துக்கெல்லாம் கல்.

அக்டோபர் 14. கல் ஏழு.
அக்டோபர் 29. கல் ஐந்து. ஒன்று வாய்க்குள் நுழையவில்லை.
ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

ஜன்னலில் இருந்தது.
ஒரு பக்கம் மட்டும் ஊதாக் கறை.

குழாய் விட்டு ஒரு மிடறு எடுத்தேன்.
நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம்
எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துத் தைத்ததுபோல் துவர்ப்பு.
அடியில், வெகு அடியில்,
காய்ந்த செர்ரி, நனைந்த சாம்பல், துருப்பிடித்த இரும்பு.
பூட்டிய அறைக்கு வெளியே நின்று
உள்ளே யாரோ நாற்காலி நகர்த்துவதைக் கேட்பதுபோல.

நீதிமன்றக் குமாஸ்தா தொலைபேசியில் கேட்டான்:
தேறுமா?
எது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

படிவத்தில் கட்டம் சிறியது.
இன்றைய மதிப்பு: காடியைவிடச் சற்று அதிகம்.
பதினைந்து ஆண்டு கழித்து: தெரியாது, ஆனால் நான் வாங்குவேன்.

பிரிக்க இயலாத சொத்து என்று உத்தரவு வந்தது.
இருவரும் மாறி மாறி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை,
இதுவரை செய்ததையே செய்யவேண்டும், கட்டாயமாக.
என் இரண்டாம் வரியை நீதிபதி அடித்திருந்தார்.
அடித்த கோட்டுக்கு அடியில்
இன்னும் படிக்க முடிகிறது.